ஸ்லைடில் இல்லாத வளையம்

எங்கள் லேப் டெக்னீஷியன் சங்கத்தின் கூட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பொன்னாடை போடுவதற்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவப் போனேன். ஒரு இளம்பெண் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே கேட்டாள்.

"அக்கா, மைக்ராஸ்கோப்புல பாக்கும்போ ஒரு நூலு ஓடுது. உங்களுக்கும் இருந்துதுண்ணு கேள்விப்பட்டேன். ஆபீசுல சொன்னா வேலைக்கு ஏதும் பிரச்சினை வருமா?"

பந்தி முடிவதற்குள் வேறு இரண்டு பேரும் வந்து இதையே கேட்டார்கள். ஒருத்தி நூல் என்றாள், இன்னொருத்தி ஈச்சை, அதாவது ஈ, பறக்கிறது என்றாள். மூன்று பேரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். கண்ணில் நூல் ஓடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதைத் திருட்டுச் சாமான் போல மறைத்து வைத்திருந்ததுதான் பொறுக்கவில்லை. அதனால் நான் சத்தமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் லில்லிபாய். அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. எட்டாம் வகுப்பிலேயே எனக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி. லேப் படிப்புக்குச் சேரப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். என் அப்பா மட்டும், "கண்ணாடி வழியா பாக்குத வேலைதானே, ஒரு கண்ணாடி கூடுதல் இருந்தா என்ன?" என்றார். படித்தேன், பாஸானேன், அரசு வேலை கிடைத்தது. இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியில் மேற்குப் பக்கத்து ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். ஒரே டாக்டர், ஒரே லேப், லேப்பில் ஒரே ஆள். அது நான்.

அந்த டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நமச்சிவாயம் என்று பெயர். பூதப்பாண்டிக்காரர். ஒல்லியான மனிதர். ஆஸ்பத்திரியைப் பெருக்கும் அம்மா முதல் கலெக்டர் ஆபீஸிலிருந்து வருகிறவர் வரைக்கும் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் மெதுவாகும். அதற்குத்தான் நாங்கள் பயப்படுவோம். அவரிடம் போய், "சார், அந்த ஆளுக்கு டைபாய்டாக்கும்" என்று யாராவது சொன்னால், பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"அது நீங்க நினைச்சது. கண்டது என்ன?"

கண்டதைச் சொல்லி முடிக்கும் வரை நினைத்ததைக் கேட்கவே மாட்டார். முதல் மாதம் எனக்கு அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு வீட்டில்கூட அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில்தான் நூலை முதலில் பார்த்தேன். அன்றைக்கு யானைக்கால் நோய்க்கான ரத்த ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நோய் இருந்தால் ரத்தத்தில் நூல் போன்ற சின்னப் புழு கிடக்கும். லென்ஸுக்கடியில் ஒரு நூல் மெல்ல நீந்திக் கடந்து போனது. கைப்பிடியைத் திருகி ஸ்லைடை நகர்த்தினேன். ரத்த அணுக்கள் எல்லாம் ஒரு பக்கமாய் நகர்ந்தன, நூல் அவற்றோடு போகவில்லை. அதன் போக்கிலே ஆடியது. நான் பார்வையைத் திருப்பினால் கூடவே திரும்பியது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன்.

"கண்டதைச் சொல்லுங்க."

"ஸ்லைடுல ஒரு நூலு நீந்துது சார்."

"அந்த ஸ்லைடை என்ன பண்ணினீங்க?"

"உலர வச்சு, சாயம் போட்டு, கழுவி..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. உலர்ந்து, சாயம் ஏறி, செத்துக் கிடக்கிற ஸ்லைடில் எது நீந்தும்? டாக்டர் சிரிக்கவில்லை. ஜன்னலைக் காட்டி, "வானத்தைப் பாருங்க" என்றார். மழை கழிந்த வெளுத்த வானம். அங்கேயும் அதே நூல் ஓடியது.

"புழு இல்ல. உங்க கண்ணுக்குள்ள இருக்குத சங்கதி. ஸ்கோப்புக்குள்ள இருந்து வாற வெளிச்சம் ஊசி மாதிரி ஒடுங்கி வரும், அதனால நிழலு கூர்மையா விழுது. எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும், இந்த வேலை பாக்குதவங்களுக்குத்தான் கண்ணுல படும். ஆனா உங்களுக்குக் கண்ணாடி பவர் கூடுதல். அதனால ஒருதடவை கண் டாக்டரைக் காணணும். நாளைக்கு லீவு எடுத்துட்டுப் போங்க."

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரிய வைத்து, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு விளக்கினார். கண்ணுருண்டைக்குள்ளே நுங்கு போல ஒரு கூழ் நிறைந்திருக்கிறது. வயது போகப் போக அது இளகித் தண்ணீராகும், நார் மட்டும் அங்கங்கே திரளும். அந்த நாரின் நிழல் கண்ணின் பின்சுவரில், விழித்திரையில் விழுகிறது. நாம் பார்ப்பது அந்த நிழலைத்தான். கிட்டப்பார்வை கூடுதல் உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே தொடங்கும். கரைக்க மருந்து கிடையாது, கரைக்க வேண்டிய அவசியமும் கிடையாது.

"ஆனா மூணு காரியத்தை ஓர்மையில வச்சிக்கிடுங்க" என்றார். "திடீர்னு நிறைய கரும்புள்ளி கொட்டினா, கண் ஓரத்துல மின்னல் வெட்டினா, இல்ல திரை போட்ட மாதிரி ஒரு பக்கம் மறைஞ்சா, அண்ணைக்கே வரணும். நாளைக்கு வாறேன்னு இருக்கப்பிடாது."

அந்த நூலோடு பல வருஷம் வேலை செய்தேன். கண்ணை ஒருதரம் மேலே கீழே உருட்டினால் அது விலகிப் போகும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் மங்கிவிடும். இடையில் எழுந்து ஜன்னல் வழியாக ரப்பர் இலைகளைப் பார்ப்பேன். இதை யாரிடமும் நான் மறைக்கவில்லை. எனக்கு மேலே இருந்தவருக்கு முதல் நாளே தெரியும் என்பதால் மறைக்க வேண்டியும் வரவில்லை. அதன் அருமை பின்னால்தான் தெரிந்தது.

அது ஒரு மழைக்காலக் காலை. காய்ச்சல்காரர்கள் வராந்தா நிறைய இருந்தார்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மெற்றில்டா என்ற பெண் தன் புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் பெயர் ததேயுஸ். மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவர். விட்டு விட்டுக் காய்ச்சல், பல் கிட்டுகிற நடுக்கம். டாக்டர் மலேரியாவைச் சந்தேகித்தார். ஒரு துளி ரத்தத்தில் உடனே முடிவு சொல்கிற, இப்போது இருக்கிற அட்டைச் சோதனை எல்லாம் அன்று எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை. விரலில் குத்தி, கண்ணாடியில் ஒரு துளி எடுத்து, சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸில் தேட வேண்டும். சிவப்பணுவுக்குள்ளே ஒரு நீல வளையம், அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மூளைக்கு ஏறக்கூடிய மோசமான வகை மலேரியாவின் கிருமி அப்படித்தான் இருக்கும். சில ஆட்களுக்கு நிறைய கிடைக்கும், சில ஆட்களுக்குத் தேடித் தேடி ஒன்று கிடைக்கும்.

ததேயுஸின் ஸ்லைடைப் பார்க்க ஆரம்பித்தேன். பாதி தாண்டியிருப்பேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று தலையைத் திருப்பினேன். இடது கண்ணின் ஓரத்தில் டார்ச் அடித்தது போல ஒரு வெட்டு. யாரும் டார்ச் அடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன், மறுபடி வெட்டியது. லென்ஸில் குனிந்தேன். அடுப்பிலிருந்து கரியை ஊதி விட்டது போல இடது கண் முழுக்கக் கரும்பொடி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே ஒரு வளையம், பெரிதாய், கலங்கலாய், அசைந்துகொண்டு. வளையத்தைத் தேடுகிற ஆளின் கண்ணுக்குள்ளேயே ஒரு வளையம் வந்து உட்கார்ந்துவிட்டது.

வலது கண்ணை மூடினேன், கரி. இடது கண்ணை மூடினேன், தெளிவு. எழுந்து டாக்டரின் அறைக்குப் போனேன். ததேயுஸ் அவர் முன்னால்தான் ஸ்டூலில் சரிந்து இருந்தார், மெற்றில்டா அவர் தோளைப் பிடித்திருந்தாள்.

"சார், ஸ்லைடு பாதி பாத்தேன். ஒண்ணும் காணல்ல. ஆனா இல்லைண்ணு எழுத மாட்டேன். என் இடது கண்ணுல மின்னல் வெட்டுது. கரும்பொடி கொட்டுது. இப்பதான் தொடங்கினது."

அவர் பேனாவை மூடினார். "திரை மாதிரி எங்கயாவது மறைக்குதா?"

"இல்ல சார்."

"பக்கவாட்டுல என் கையைத் தெரியுதா? மேல? கீழ?"

எல்லாப் பக்கமும் தெரிந்தது.

"அப்ப இப்பவே கிளம்புங்க. திரை விழும் முன்ன போனா ஒரு வேலை, விழுந்த பிறகு போனா வேற வேலை."

"வலது கண்ணு நல்லா இருக்கு சார். இந்த ஒரு ஸ்லைடை முடிச்சிட்டுப் போறேன். இவரு பாவம்..."

அவர் குரல் மெதுவாகியது. "ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு, அந்தப் பயத்தோட நீங்க இல்லைண்ணு எழுதித் தந்தா, அதை நான் நம்பி இவரை வீட்டுக்கு அனுப்பணுமா?"

அதற்குள் மெற்றில்டா குறுக்கே புகுந்தாள்.

"நீங்க போயிட்டா என் ஆளுக்க ரத்தத்தை யாரு பாக்கது? பாதி பாத்தாச்சில்லா? மிச்சத்தையும் பாத்துட்டுப் போங்க சிஸ்டரே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

டாக்டர் ததேயுஸிடம் குனிந்து, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அவர் ஏதோ ஒரு படகின் பெயரைச் சொன்னார். மறுபடி கேட்டதற்கு, வலை இழுக்கச் சொல்லி யாரையோ அதட்டினார். மெற்றில்டாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இவரு பேச்சு எனக்குப் பிடிக்கல்ல" என்றார் டாக்டர். "ஸ்லைடுல இருந்தாலும் இல்லைண்ணாலும் இவரை இங்க வச்சிருக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போணும். லில்லிபாய், நீங்களும் அதே வண்டியில போங்க. ஸ்லைடையும் கொண்டு போங்க, அங்க லேப்புல பாக்கட்டும். மருந்தை நான் இப்பவே தொடங்கிடுதேன்."

அப்படித்தான் எங்கள் ஆஸ்பத்திரி வண்டியில் நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். ததேயுஸை நீளவாக்கில் படுக்க வைத்து, அவர் தலையை மெற்றில்டா மடியில் வைத்திருந்தாள். எதிர்ப் பக்கம் நான், மடியில் ஸ்லைடுப் பெட்டி. தலையை அசைக்காமல் இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரோடோ அந்த மழைக்குக் குண்டும் குழியுமாய் இருந்தது. மார்த்தாண்டம் ஜங்ஷனில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் ஹார்ன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணுக்குள்ளும் மின்னல் வெட்டியது.

"உங்களுக்கு என்ன தீனம்?" மெற்றில்டாதான் கேட்டாள். குரலில் கோபம் போகவில்லை.

"கண்ணுல ஈச்சை பறக்குது."

"ஈச்சையா! ஈச்சை பறந்ததுக்கா வண்டி கேறி வாறீங்க? எனக்கும்தான் பறக்கும், குனிஞ்சு நிமிந்தா பறக்கும்."

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. சொன்னேன். சாதாரணமாய்ப் பறந்தால் ஒன்றுமில்லை, பறந்துகொண்டு போகட்டும் என்று விடலாம். ஆனால் திடீரென்று கூட்டமாய் வந்து, கூடவே மின்னலும் வெட்டினால், உள்ளே இருக்கிற கூழ் சுருங்கிப் பின்சுவரைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். இழுத்த இடத்தில் கிழிந்திருக்கலாம். கிழிசல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் சுவரே உரிந்து வரும். அப்புறம் அந்தக் கண் அவ்வளவுதான்.

அவள் புருஷனின் தலையை மடியில் சரியாக எடுத்து வைத்தாள். பிறகு, "வலை கிழிஞ்ச மாதிரியா?" என்றாள்.

"அதே மாதிரி."

"சின்னதா இருக்கும்போ தைக்கணும். விட்டா போவும்." அவள் ஒரு கையால் புருஷனின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது இன்னொரு கையை நீட்டி என் தலையின் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரி வரும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அங்கே லேப்பில் ஸ்லைடைக் கொடுத்தேன். அந்த டெக்னீஷியனிடம், "பாதிதான் பாத்தது, எதையும் நம்பாதீங்க, முதல்ல இருந்து பாருங்க. முடிஞ்சா புதுசா ஒரு துளியும் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண் பிரிவுக்குப் போனேன்.

கண் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். சொட்டு மருந்து விட்டார்கள். எரிந்தது. காத்திருந்தேன். மறுபடி விட்டார்கள். எதிரே சுவரில் எழுதியிருந்தது மெல்ல மெல்லக் கலங்கி, வெறும் வெளுப்பாகியது. பிறகு கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். அவர் நெற்றியில் சுரங்கத் தொழிலாளி போல ஒரு விளக்கு, கையில் ஒரு கண்ணாடி வில்லை. "மேல பாருங்க. வலது மேல. வலது. வலது கீழ." கடிகார முள் போல என் பார்வையைச் சுற்ற வைத்தார். இமைக்கு வெளியே ஒரு சின்ன இரும்புக் கம்பியால் அழுத்திக்கொண்டே பார்த்தார். வலித்தது. ஒரு இடத்தில் கை நின்றது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"கிழிசல் இருக்கு" என்றார். "லாட வடிவத்துல, மேல் ஓரத்துல. ஒரு சின்ன ரத்தக் குழாயும் கிழிஞ்சிருக்கு, அதாக்கும் அந்தக் கரும்பொடி. ஆனா சுவர் உரியல்ல. எப்ப தொடங்கிச்சு?"

"இண்ணைக்குக் காலையில."

அவர் விளக்கை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நிறைய பேரு ஒரு வாரம் கழிச்சு வருவாங்க. ஒரு கண்ணு இருட்டின பிறகு."

அன்றைக்கே லேசர். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, அசையாமல் உட்கார வேண்டும். பச்சை வெளிச்சம், ஒவ்வொன்றும் மண்டைக்குள் சுண்டி விடுவது போல. கிழிசலைச் சுற்றி வரிசை வரிசையாய் சூடு வைத்து, வேலி கட்டுவது போல அடைத்தார். கண்ணில் நீர் தாரையாய் ஓடியது. தாங்கி பொருத்தியிருந்த மேசையை நான் இறுகப் பிடித்திருந்தேன். அசையவில்லை. மனசில் ஒரே நினைப்புதான்: இந்தக் கண்ணோடு நான் திரும்பவும் லேப்பில் உட்காருவேன்.

வெளியே வந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு உருவம் முன்னால் வந்து நின்றது. விரிந்த கண்மணியோடு எனக்கு முகம் தெரியவில்லை. மீன் வாசமும் ஈரச் சேலையும்தான் தெரிந்தது.

"சிஸ்டரே, கண்டு பிடிச்சாங்க." மெற்றில்டா. "பழைய கண்ணாடியில ஒண்ணும் இல்லியாம். புதுசா குத்தி எடுத்ததுலயாக்கும் இருந்துது. மருந்து ஏத்துதாங்க. டாக்டரு முன்னமே மருந்து தொடங்கினது நல்லதாப் போச்சுண்ணு சொன்னாங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அங்கயே இல்லைண்ணு எழுதியிருந்தா நான் ஆளைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

ததேயுஸ் பிழைத்தார். எழுந்து நடக்க நாளாயிற்று, ஆனால் நடந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இது சர்ச்சில் எழுந்து சொல்கிற ஒரு நல்ல சாட்சி. எனக்குக் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

சில வாரம் ஓய்வு. பளு தூக்கக் கூடாது, குதிக்கக் கூடாது. மறு பரிசோதனையில் கிழிசல் நன்றாக ஒட்டிவிட்டது என்றார்கள். கரும்பொடி மெல்ல வடிந்தது. வளையம் மட்டும் போகவில்லை. சாதாரணமாய் நடக்கும்போது அது தொல்லையில்லை. ஆனால் சுவரைப் பார்த்தால் சுவரில், வேதப்புத்தகத்தைத் திறந்தால் வரியின் மேல். லென்ஸில் குனிந்தால் சரியாக நடுவில். ஒரு மாதம் நான் அதனோடு சண்டை போட்டேன். விரட்ட விரட்ட அது இன்னும் பெரிதாய்த் தெரிந்தது. யாரோ ஒரு சொட்டு மருந்தைச் சொன்னார்கள், யாரோ ஒரு லேகியம். அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டேன். "எதுவும் கரைக்காது. ரொம்ப முடியாதவங்களுக்குக் கூழையே எடுக்குத ஆபரேஷன் உண்டு, ஆனா அதுக்கு அதன் ஆபத்து உண்டு. உங்க மூளை இதை ஒதுக்கப் பழகும், அதுக்குக் கொஞ்சம் காலம் குடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து அந்த லேகியத்தை ரப்பர் மரத்தடியில் கொட்டினேன்.

வேலையில் சேரப் போனபோது, மேலே இருந்து ஒரு யோசனை வந்திருந்தது. என்னைச் சீட்டு எழுதுகிற கவுண்டருக்கு மாற்றலாம் என்று. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "உங்க நல்லதுக்காக்கும்" என்று ஆபீஸ்காரர் போனில் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் என்னை எரித்தது.

டாக்டரிடம் போனேன். "நான் கவுண்டருக்குப் போக மாட்டேன் சார். உங்களுக்கு என் மேல நம்பிக்கை இருக்கா?"

"இருக்கு. ஆனா என் நம்பிக்கையை வச்சு ஒரு காய்ச்சல்காரனுக்கு மருந்து குடுக்க முடியாது."

"அப்ப எனக்குப் பரீட்சை வையுங்க. ஜில்லா லேப்புல இருந்து ஸ்லைடு கொண்டு வரச் சொல்லுங்க. என்ன இருக்குண்ணு தெரியாம பாக்கேன். தோத்தா நானே கவுண்டருக்குப் போறேன்."

அவர் அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். நினைத்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

பரீட்சை வரும் வரை பழகினேன். பழைய, முடிவு தெரிந்த ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்தேன். இடது கண்ணுக்குப் பழகியிருந்த கையையும் தலையையும் வலது கண்ணுக்கு மாற்றினேன். இரண்டு குழல் வழியாகவும் பார்க்கிற ஸ்கோப் அது, அதனால் இடது கண்ணைப் பொத்தவில்லை, திறந்தே வைத்துக் கவனத்தை மட்டும் வலப்பக்கம் தள்ளக் கற்றேன். பார்வையை அலைய விடாமல் ஒரே இடத்தில் நிறுத்தி, ஸ்லைடைத்தான் நகர்த்தினேன். கண் அசைந்தால்தான் வளையம் கிளம்பும், கண் நின்றால் அதுவும் அடங்கும். நடுவில் வந்து நின்றால் கண்ணை ஒரு உருட்டு உருட்டி, அது சுழன்று ஒதுங்கும் வரை பொறுத்திருந்தேன். அது கடந்த இடத்தை மறுபடி பார்த்தேன். வேகம் பாதியானது. பாதியாகட்டும் என்று விட்டேன். சில நாள் சாயங்காலம் தலை வெடித்தது. மறுநாள் திரும்பவும் உட்கார்ந்தேன்.

ஜில்லா லேப்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கண்டிப்பான மனிதர். பெட்டியைத் திறந்து ஸ்லைடுகளை வரிசையாய் வைத்தார். டாக்டர் நமச்சிவாயம் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாய்ப் பார்த்து எழுதினேன். இருக்கு. இல்லை. இருக்கு, இன்ன வகை. ஒரு ஸ்லைடு மட்டும் என்னைத் தடுத்தது. சாயம் அடர்ந்து, திட்டுத் திட்டாய்ப் படிந்திருந்தது. எது கிருமி, எது சாயக் கசடு என்று பிரிக்க முடியவில்லை. வளையத்தைக் குறை சொல்ல முடியாது, வலது கண்ணிலும் அப்படித்தான் இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில், 'தெரியவில்லை, வேறு ஸ்லைடு வேண்டும்' என்று எழுதினேன்.

அதிகாரி என் தாளை அவர் தாளோடு சரிபார்த்தார். எல்லாம் ஒத்து வந்தது. அந்த ஒன்றில் விரலை வைத்தார்.

"இது பாசிட்டிவ். நீங்க எழுதல்ல. இது தப்பாத்தான் கணக்கு."

நான் எழுந்து நின்றேன்.

"இருக்கலாம் சார். நீங்க சொன்னா இருக்கும். இந்தச் சாயத்துல எனக்குத் தெரியல்ல, அதனால எழுதல்ல. இருக்குண்ணு குருட்டடி அடிச்சிருந்தா உங்க கணக்குல சரியாயிருக்கும். இதே ரத்தத்துல சாயம் போடாத ஸ்லைடு ஒண்ணு இருந்தா தாங்க. நானே போட்டுப் பாக்கேன்."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பெட்டியின் அடியில் தேடி, சாயம் போடாத ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

சாயத்தைப் புதிதாய்க் கலந்து வடிகட்டினேன். போட்டேன், கழுவினேன், சாய்த்து உலர வைத்தேன். வெளியே வராந்தாவில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. எண்ணெய் ஒரு துளி விட்டுக் குனிந்தேன். வளையம் வழக்கம்போல நடுவில் வந்தது. கண்ணை உருட்டினேன், பொறுத்தேன், அது இடப்பக்கமாய்ச் சரிந்து ஒதுங்கியது. ஸ்லைடை நகர்த்தினேன். இன்னும் நகர்த்தினேன். கிடைக்கவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்த சத்தம் எனக்குக் கேட்டது போலிருந்தது. நான் வேகத்தைக் கூட்டவில்லை.

பிறகு கண்டேன். ஒரு சிவப்பணுவுக்குள்ளே, சுத்தமான நீலத்தில், ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்து.

"சார், நீங்க பாருங்க" என்று எழுந்து இடம் விட்டேன். அதிகாரி குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளை எடுத்து, தப்பு என்று போட்டிருந்ததை அடிக்கவில்லை. அதற்குக் கீழே தன் கையெழுத்தில், 'மறு ஸ்லைடில் சரியாகக் கண்டார், இவர் லேப்பில் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்தார். கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்து, "லேப்புக்குச் சீட்டு வச்சிருக்கவங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் அம்மா முதலில் வந்தாள். நான் கையுறையை மாட்டினேன்.